சொந்தக்காரன் இல்லாத துவக்கு

“இனி இந்தத் துவக்குச் சட்டத்தையெல்லாம் சுருட்டி வைக்க வேண்டியதுதான் மாமா” என்றான் மருமகன். தங்கச்சியின் மகன் அவன். மட்டக்களப்பு டவுனில் சின்னதாக ஒரு வேலைத்தளம் நடத்துகிறான். இரண்டு 3டி பிரின்டர், ஒரு கணினி, சுவர் நிறையப் பிளாஸ்டிக் இழை சுற்றிய உருளைகள். மிக்சியின் தேய்ந்த பல்சக்கரம், தையல் மெஷினின் உடைந்த பிடி, பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குக் கேடயம் என்று என்னவாவது ஒன்று எப்போதும் அங்கே அச்சாகிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் யாரோ பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியை வெடிக்க வைக்கும் காணொளியை அவன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் போயிருந்தேன். பைல் இருந்தால் போதும், எவரும் எங்கேயும் துவக்குச் செய்யலாம், இந்த நிலையில் லைசன்ஸ் என்று பேசுவதே வீண் என்பது அவனுடைய கட்சி. சித்திரை வருடப்பிறப்புக்குச் சீனவெடி கொளுத்தவே பயப்படுகிற பிள்ளை. துவக்குச் செய்யும் யோசனை அவனுக்குக் கனவிலும் வராது. ஆனால் வாதம் என்று வந்தால் விடமாட்டான்.

அவன் சொன்னது பிழை என்றும் எனக்குப் படவில்லை, சரி என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. என்னை உறுத்தியது, வீட்டில் துவக்குச் செய்வது ஏதோ நேற்றுத்தான் உலகத்துக்கு வந்த விஷயம் என்ற மாதிரி அவன் பேசியதுதான். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வேளாண்மை செய்த குடும்பம் எங்களுடையது. அவனுடைய பூட்டனார் பன்றிக் காவலுக்குப் பரணில் வைத்திருந்தது கடையில் வாங்கிய துவக்கு அல்ல.

நிறையக் காணி உள்ள போடியார் வீடுகளில் லைசன்ஸ் உள்ள சொட்கன் இருக்கும். வருடம் பிறந்தால் அரச அலுவலகமான கச்சேரிக்குப் போய் லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வருவது போடியாருக்கு ஒரு கௌரவம். போடியாரின் வயலைப் பார்க்கும் முல்லைக்காரனிடமும் காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனைக்காரனிடமும் இருந்தது இடியன், குழலின் வாயால் மருந்து இடித்துச் சுடும் நாட்டுத் துவக்கு. பன்றி இறங்கும் பாதையில், கம்பி தட்டினால் வெடிக்கும்படி ஆளில்லாமல் கட்டிவைத்தால் அது கட்டுத்துவக்கு. எந்தப் பட்டறையில் செய்தது என்பது ஊருக்கே தெரியும், வாய்விட்டு எவரும் சொல்வதில்லை. லைசன்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருக்கவும் கூடாது, செய்யவும் கூடாது என்று 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் சொல்லி நூறு வருடம் தாண்டிவிட்டது. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்கு அடுத்த வருடம் வெள்ளைக்காரன் எழுதிய சட்டம். 1996இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாகக் கூட்டியது. இருந்தும் ‘உள்நாட்டுத் தயாரிப்புத் துப்பாக்கியுடன் ஒருவர் கைது’ என்ற பெட்டிச் செய்தி பத்திரிகைகளில் ஓய்ந்தபாடில்லை.

இன்னும் பின்னால் போகலாம். போர்த்துக்கேயர் வந்திறங்கிய பிறகு இந்தத் தீவின் கொல்லர்கள் துவக்குச் செய்யக் கற்றுக்கொள்ள அதிக காலம் எடுக்கவில்லை. அந்த வேலைப்பாட்டைப் போர்த்துக்கேயரே மெச்சி எழுதி வைத்திருக்கிறார்கள். கிட்டத்தில் வந்தால் யுத்தம். பசீலன் என்ற எறிகணை, ஜொனி என்ற மிதிவெடி, இந்தப் பெயர்களைச் சொன்னால் போதும், பட்டறைகளில் என்னென்ன செய்தார்கள் என்று என் வயதுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அதே காலத்தில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படைக்கு அரசாங்கமே சொட்கன் கொடுத்தது. போடியார் வீட்டு லைசன்ஸ் துவக்குகள் ஒன்று இயக்கங்களின் கைக்குப் போயின, அல்லது பொலிஸில் ஒப்படைக்கப்பட்டன. திரும்பி வந்தவை மிகக் குறைவு.

ஆக, செய்யத் தெரியாத காரணத்தால் எங்கள் பக்கத்தில் துவக்கு இல்லாமல் போன காலம் என்று ஒன்று இருக்கவில்லை. அப்படியென்றால் இவ்வளவு காலமும் அதை ஏதோ ஒரு அளவுக்குள் வைத்திருந்தது எது? சட்டமா? மருமகனிடம் அன்றைக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

பைலாக வந்த துவக்கு

அவன் பார்த்துக்கொண்டிருந்த கதை 2013இல் தொடங்கியது. அந்த வருடம் மே மாதம் டெக்சாஸில் கோடி வில்சன் என்ற சட்டக்கல்லூரி மாணவர், ‘லிபரேட்டர்’ என்று பெயர் வைத்த ஒரு பிளாஸ்டிக் கைத்துப்பாக்கியின் வரைவை இணையத்தில் போட்டார். இரண்டு நாளில் ஒரு இலட்சம் தடவைக்கு மேல் அது தரவிறக்கப்பட்டது. அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் ஆயுத ஏற்றுமதி விதிகளைக் காட்டி அதை எடுக்க வைத்தது. அதற்குள் அது போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது. அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பொலிஸார் அதே வரைவை வைத்து இரண்டை அச்சிட்டுச் சுட்டுப் பார்த்தார்கள். ஒன்று வெடித்துச் சிதறியது. சுடப்படுகிறவனுக்கு எவ்வளவு ஆபத்தோ சுடுகிறவனுக்கும் அவ்வளவு ஆபத்து என்று காட்டத்தான் அவர்கள் அந்தக் காணொளியை வெளியிட்டார்கள்.

அந்தப் பெயரும் புதிது அல்ல. 1942இல் அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸின் விளக்குத் தொழிற்சாலை ஒன்று, எதிரி பிடித்துவைத்திருந்த நாடுகளில் உள்ளவர்களுக்குப் போட்டுக் கொடுப்பதற்காகத் தகட்டில் அடித்த மலிவான கைத்துப்பாக்கி பத்து இலட்சம் செய்தது. அதுவும் லிபரேட்டர்தான். பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேலில் கடைத்தெரு முழுக்கத் துவக்குப் பட்டறை. பிலிப்பைன்ஸின் டானாவோவில் தலைமுறை தலைமுறையாக அதே தொழில். பீகாரின் முங்கேரில் மீர் காசிம் காலத்திலிருந்து. இந்த ஊர்களில் எவரும் பிரின்டரைக் காத்துக்கொண்டு இருக்கவில்லை. 2022 ஜூலை 8ஆம் திகதி நாரா நகரத்தில் ஷின்சோ அபே சுடப்பட்டபோதும் பிரின்டர் அதில் இல்லை. உலகத்திலேயே கடுமையான துப்பாக்கிச் சட்டம் உள்ள நாடுகளில் ஒன்றில், வீட்டில் ஒருவன் தனியாக இருந்து செய்த கருவி அது.

நாடுகளும் சும்மா இருக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் 2015இலேயே அந்த வரைவுக் கோப்பை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. செய்முறையை இணையத்தில் போட்டு ஆட்களைத் தூண்டுவதை ஜப்பான் 2024இல் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பாதி செய்து பெட்டியில் விற்கும் துவக்கு உதிரிகளுக்கும் தொடரிலக்கமும் வாங்குபவரைப் பற்றிய சோதனையும் வேண்டும் என்று 2022இல் அமெரிக்க அரசு போட்ட விதியை, அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டது. இதெல்லாம் வீண் என்று மருமகன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முழுவதும் தடுக்க முடியாததை ஓரளவு தடுப்பதற்கும் பெறுமதி உண்டு. களவு நிற்கவில்லை என்று கதவைக் கழற்றி வைப்பாரில்லை. 

ஆனால் இந்தச் சட்டங்கள் அத்தனையும் ஒரு சங்கிலியை நம்பித்தான் நிற்கின்றன. செய்தவன் ஒருவன், விற்றவன் ஒருவன், வைத்திருப்பவன் ஒருவன், சுட்டவன் ஒருவன். இலக்கத்தைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம். எங்கள் பக்கத்தில் அந்தச் சங்கிலி அறுந்து பல காலம். அதற்குப் பிரின்டர் தேவைப்படவில்லை.

ஆள் இல்லாமல் வெடிப்பது

பக்கத்து ஊரில் பட்டி மாடு பார்க்கிற ஒருவரை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். எங்கள் வட்டையில் வேளாண்மை வெட்டு முடிந்தால் அவருடைய பட்டிதான் முதலில் இறங்கும். சில வருடங்களுக்கு முன் தப்பிப்போன ஒரு கிடாரியைத் தேடி, விடியற்புறம் காட்டோரமாக நடந்தவரின் காலில் கம்பி தட்டியது. பன்றியின் உயரத்துக்குக் கட்டியிருந்த துவக்கு. மனிதருக்கு அது முழங்காலுக்குக் கீழே. காலை எடுத்துத்தான் ஆளைக் காப்பாற்ற முடிந்தது.

துவக்கு கட்டியிருந்த மரம் மூன்று பேருடைய காணி சந்திக்கிற முனையில் நின்றது. பொலிஸார் வந்து விசாரித்தபோது மூன்று பேரும் தங்களுடையது இல்லை என்றார்கள். சந்தேகத்தில் ஒருவரைக் கூட்டிப்போய் விட்டுவிட்டார்கள். இலக்கம் இல்லை, லைசன்ஸ் இல்லை, கடைச் சீட்டு இல்லை. அது வெடித்த நேரத்தில் கட்டியவன் எங்கேயோ வீட்டில் நித்திரை. வழக்கு அங்கேயே படுத்துவிட்டது.

லைசன்ஸ் என்பது ஒரு ஆளை நம்பிக் கொடுப்பது. இந்த ஆள் நிதானமானவர், குற்றம் இல்லாதவர், எதை எப்போது சுடுவது என்று தெரிந்தவர் என்று கிராம சேவகரும் பொலிஸும் கச்சேரியும் சேர்ந்து சொல்கிற சாட்சி அது. கட்டுத்துவக்கில் அந்த ஆளே இல்லை. எதிரே வருவது பன்றியா, மாடா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. லைசன்ஸ் உள்ள சொட்கன்னும் இதுவும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தாலும் இரண்டும் ஒரே சாமான் அல்ல என்று நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் இந்தப் பேச்சு இருநூறு வருடத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. அங்கே பிரபுக்கள் வேட்டைக் காட்டிலும் தோட்டத்திலும் கம்பித் துவக்குக் கட்டி வைப்பது வழக்கம். 1825இல் பிரிஸ்டல் நகரத்துக்குக் கிட்ட ஒரு ஆள் விலை கூடிய டியூலிப் பூக்களைக் காக்கத் தோட்டத்தில் ஒன்றைக் கட்டினார். அறிவிப்புப் பலகை எதுவும் போடவில்லை. பக்கத்து வீட்டு மயில் பேடு ஒன்று மதிலுக்கு மேலால் பறந்து உள்ளே போனது. அதைப் பிடித்துக் கொடுக்கலாம் என்று இறங்கிய இளைஞனின் காலில் வெடி. 1828இல் நீதிமன்றம் அந்த இளைஞன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முதல் வருடமே, இரவில் வீட்டுக்குள் வைப்பதைத் தவிர மற்றபடி கம்பித் துவக்குக் கட்டுவதை நாடாளுமன்றம் குற்றமாக்கியிருந்தது. மயில் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் மயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முருகனின் வாகனம் என்றுகூடப் பார்க்காமல் ஏசுவார்கள். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொல்லி அரசாங்கம் கடதாசி கொடுத்ததே, அந்தக் கூத்துக்குக் காரணமும் இந்தப் பயிர்ச் சேதம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மான் பார்த்த வேலை

வெல்லாவெளிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். என் அப்பாவுக்கு மண்வெட்டியும் தாக்கத்தியும் அடித்துக் கொடுத்தவர். சொந்தமில்லை, ஆனால் நாங்கள் அம்மான் என்றுதான் கூப்பிடுவோம். எண்பதைத் தாண்டிவிட்டார். உலை இருந்த கொட்டிலில் இப்போது பேரன் மோட்டார் சைக்கிள் திருத்துகிறான். மருமகனின் வாதம் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்த நாட்களில் அவரைப் பார்க்கப் போனேன். பிளேன்டீ வந்தது, மழை பிந்திய கதை பேசினோம், யானை வந்து தென்னங்கன்றைப் பிடுங்கிய கதை பேசினோம். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டேன். இடியன் செய்யத் தெரியுமா உங்களுக்கு?

“தெரியாதெண்டு நான் ஒருநாளும் சொல்லல்ல மனே. செய்யமாட்டன் எண்டுதான் சொன்னன். அதுவும் எல்லாருக்கும் சொல்லல்ல.”

யாருக்கெல்லாம் மாட்டேன் என்று சொன்னார் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். குடித்துவிட்டு வருகிறவனுக்கு இல்லை. வரம்புச் சண்டை உள்ளவனுக்கு இல்லை. “பொஞ்சாதிக்குக் கை நீட்டுறவனுக்கு அடுப்படிக் கத்தியே நான் அடிச்சுக் குடுக்கல்ல.” பொண்டாட்டி பிள்ளையோடு சேனைக்குள் வாடி போட்டுக் கிடக்கிறவன் வந்தால் மட்டும் யோசிப்பாராம். யோசித்துச் சிலருக்குச் செய்தும் கொடுத்திருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது, நான் தோண்டவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு பக்கம் வியப்பு. லைசன்ஸ் விண்ணப்பத்தில் கேட்கிற கேள்விகள் இவை. இந்த ஆளை நம்பலாமா, இவனுக்குப் பகை உண்டா, இவன் வீட்டில் நிலைமை எப்படி. கடதாசியில் எழுதி நாலு மேசை தாண்டி வருகிற பதிலைவிட, இருபது வருடம் ஒரே ஊரில் முகம் பார்த்தவருடைய பதிலில் நிச்சயம் கூட. மறுபக்கம், இதைப் பெரிதாகப் போற்றவும் மனம் வரவில்லை. தனக்கு வேண்டியவன், வேண்டாதவன், தன் குடி, மற்றக் குடி என்கிற கணக்கு அந்தத் தீர்ப்புக்குள்ளும் இருந்திருக்கும். அவரிடம் ‘இல்லை’ வாங்கியவனுக்கு மேன்முறையீடு கிடையாது. அவர் கொடுத்த ஒன்று யாரையாவது கொன்றிருந்தால் அதற்கு விசாரணையும் கிடையாது.

பிறகு பட்டிக்காரரின் கதைக்கு வந்தோம். அந்தத் துவக்கைப் பொலிஸார் அவரிடம் கொண்டுவந்து காட்டினார்களாம், இது யாருடைய வேலை என்று தெரிகிறதா என்று.

“கையில எடுத்ததும் தெரிஞ்சிற்று. கையெழுத்து மாதிரித்தான் மனே அதுவும். அரம் போட்ட சாய்வப் பாத்தா ஆளத் தெரியும். என்னட்டப் பழகின பொடியன்ட வேல.”

“என்ன சொன்னீங்க அவங்களுக்கு?”

“கண் தெரியுதில்ல எண்டு சொன்னன்.”

அன்று இரவு அவர் அந்தப் பொடியனின் வீட்டுக்கு நடந்து போயிருக்கிறார். பொடியன் என்றால் நாற்பது வயது, இரண்டு பிள்ளை. அங்கே நடந்ததை அவர் சொன்ன விதத்தில்தான் எழுத வேண்டும். “நான் ஏசல்ல. அந்தத் துவக்க யாருக்குச் செஞ்சாய் எண்டு கேட்டன். பன்றிக்கு எண்டான். எதுக்கு எண்டு கேக்கல்ல, யாருக்கு எண்டு கேட்டன். அவனுக்குத் தெரியாது! ஒருத்தன் போன் எடுத்துச் சொன்னானாம், இன்னொருத்தன் வந்து காசக் குடுத்துத் தூக்கிற்றுப் போனானாம். ரெண்டு மூண்டு கை மாறித்தான் அந்த மரத்துக்குப் போயிரிக்கி. அதக் கேட்டாப்புறம்தான் மனே எனக்கு ஈரல் பத்தினது.”

பொடியன் அந்தத் தொழிலை விட்டுவிட்டான் என்கிறார். சவூதிக்குப் போய் வெல்டிங் வேலை செய்கிறானாம். அம்மானும் அதோடு உலையை மூடிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. அந்தத் துவக்கைச் செய்த உலையும் பழையது, அரமும் பழையது, கையும் அவர் பழக்கிய கை. தொழில்நுட்பத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது ஒன்றே ஒன்று, செய்தவனுக்கு வாங்கியவனைத் தெரியவில்லை. யுத்தம் முடிந்து பாதை வந்தது, போன் வந்தது, ஊர் விட்டு ஊர் சாமான் போகத் தொடங்கியது. ‘உனக்கு இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒரு ஆள் நடுவில் இருந்தார், அவர் அந்த இடத்திலிருந்து கழன்றுவிட்டார். மருமகனின் பிரின்டர் செய்யக்கூடியது அதே வேலைதான்; இன்னும் சுத்தமாகச் செய்யும். கேட்பவன் முகத்தைப் பார்க்காது, வரம்புச் சண்டையைப் பற்றி விசாரிக்காது.

பிரின்டருக்கும் கை உண்டு

இதை மருமகனிடம் சொன்னபோது அவன் உடனே மடக்கினான். அம்மான் அரத்தின் சாய்வைக் கண்டுபிடித்த மாதிரி பிரின்டரையும் கண்டுபிடிக்கலாம் மாமா என்றான். தேடிப் பார்த்தேன், உண்மைதான். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட வேலை அது. ஒவ்வொரு பிரின்டரின் வன்பொருளிலும் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. ஒரே மாடல், ஒரே கோப்பு என்றாலும் அச்சான பொருளில் படிந்திருக்கும் வரிகள் நுணுக்கமாக மாறும். பதினான்கு பிரின்டர்களை வைத்துச் சோதித்து, 99.8 சதவீதம் சரியாக எந்தப் பொருள் எதில் அச்சானது என்று சொல்லியிருக்கிறார்கள்.

இது நல்ல செய்தி, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வரியைப் படிக்க ஒரு ஆய்வுகூடம் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்கப் பிரின்டர்களின் பதிவு வேண்டும். அம்மான் செய்த மற்ற வேலையை அது செய்யாது. அவர் தடயத்தைக் கண்டதோடு நிற்கவில்லை, இரவோடு இரவாக அந்த வீட்டுக்கு நடந்து போய்க் கேட்டார். மருமகன் இதற்குப் பதில் சொல்லவில்லை. தன்னிடம் வருகிற கோப்பு என்னவென்று திறந்து பார்க்காமல் ஒன்றையும் அச்சிடுவதில்லை என்று மட்டும் சொன்னான். அது போதும் என்று நான் நினைக்கிறேன். லேத் வைத்திருக்கிறவன், வெல்டிங் கடைக்காரன், பிரின்டர் வைத்திருக்கிறவன் எல்லாருக்கும் அந்த வழக்கம் இருந்தால் எந்தச் சட்டத் திருத்தமும் தராத பலன் அதில் உண்டு. இப்படிச் சொல்வது சட்டம் வேண்டாம் என்பதற்காக அல்ல. 1916இல் எழுதியவர்களின் கற்பனையில் கோப்பு என்ற ஒன்று கிடையாது. அதை என்றைக்காவது ஒருநாள் திருத்தத்தான் வேண்டும்.

என் கவலை அந்தத் திருத்தம் பிரின்டரைப் பார்த்தே எழுதப்பட்டுவிடும் என்பது. எங்கள் பக்கத்தில் ஆளையும் யானையையும் வீழ்த்துவது அது இல்லை. 2023இல் மட்டும் இந்த நாட்டில் 488 யானைகள் செத்தன, யானையால் 184 மனிதர்கள் செத்தார்கள். யானைகளில் ஒரு பகுதி வெடி பட்டவை. சன்னம் தைத்த காயம் சீழ் பிடித்து, மாதக்கணக்கில் குளத்தோரம் நொண்டித் திரிந்து செத்தவை. கட்டினவன் பன்றிக்கென்று கட்டியிருப்பான். பயிர்க் காவலுக்கு லைசன்ஸ் கேட்டுப் போன சின்ன விவசாயிகளை எனக்குத் தெரியும். ஒரு போகம் முடிந்து அடுத்த போகம் விதைக்கும்வரை பத்திரம் மேசைக்கு மேசை நகரும். அதற்குள் பன்றி வந்து தின்றுவிட்டுப் போய்விடும். ஒரு ஏக்கர் மரவள்ளியை இழந்தவனிடம் கட்டளைச் சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லிப் பயனில்லை. அவனுக்கு வேலி வேண்டும், நேரத்துக்குப் பதில் வேண்டும், போன பயிருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். இவை வந்தபிறகும் கம்பி கட்டுகிறவனைப் பிடித்து உள்ளே போடட்டும், நான் பரிந்து பேச வரமாட்டேன்.

போன மாதம் பட்டிக்காரரைப் பார்த்தேன். பொய்க்கால் போட்டுக்கொண்டு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் அவருடைய படலையடியில் விடியற்காலையில் நெல் மூட்டை கிடக்குமாம். வைப்பவர் யார் என்று அவர் கேட்டதில்லை, வைப்பவரும் சொன்னதில்லை. காலுக்கு நெல்லா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவருக்கு வரவில்லை, அல்லது என் முன்னால் காட்டவில்லை. யானை அடித்தால் எவருடைய யானை என்று கேட்காமலே அரசாங்கம் நட்டஈடு கொடுக்கிறது. துவக்குக்கு மட்டும் ஏன் சொந்தக்காரனைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்? குற்றச்செயல்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவியும் பாதுகாப்பும் கொடுக்கும் சட்டம் 2015இல் வந்தது. 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதிதாக எழுதப்பட்டது. நட்டஈட்டுக்கு அதில் வழி இருக்கிறது என்று சொன்னேன். அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

வாசலிலேயே இருந்து கடிதம் எழுதினோம். நடந்த திகதி, இடம், வைத்தியசாலைத் துண்டு, முறைப்பாட்டுப் பிரதி எல்லாம் சேர்த்தாயிற்று. கட்டியவர் யாரென்று சந்தேகம் உண்டா என்று கேட்டேன். “தெரியாதெண்டு போடுங்க தம்பி” என்றார். அப்படிப் போட்டால் வழக்கு எழும்பாது என்று விளங்கப்படுத்தினேன். வழக்கு வேண்டாமாம். காசு வந்தால் மகளின் வளவுக்குள் ஒரு கிணறு கட்டலாம், கோடையில் அவள் அரைக் கட்டை தூரம் போய்த்தான் தண்ணீர் அள்ளுகிறாள் என்றார்.